கீழ போகச் சொன்னார்கள்

தனுஷ்கோடியில் மத்தியானம் கப்பல் ஏறினால் பொழுது சாயத் தலைமன்னாரில் இறங்கிவிடலாம். அந்தச் சின்னப் பயணத்தில் ஒருத்திக்கு மூன்றாம் வகுப்பிலிருந்து மேல்தட்டுக் கேபின் கிடைத்தால் அதை அதிர்ஷ்டம் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். என்னிடமும் சொன்னார்கள். இன்றைக்கும் யாராவது அப்படிச் சொன்னால் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிடும். அந்தக் கேபினை நான் கேட்கவில்லை. அது கிடைக்காமல் போயிருந்தால் நான் பாட்டுக்குத் தட்டில் நனைந்துகொண்டே போய்ச் சேர்ந்திருப்பேன், அய்யாவும் பாட்டுக்கு ஊருக்குத் திரும்பியிருப்பார்.

அய்யா என்றால் என் அப்பா. எங்கள் பக்கத்தில் அப்படித்தான் கூப்பிடுவோம். முதுகுளத்தூரிலிருந்து உள்ளே தள்ளி, மழையை நம்பிக் கம்பும் மிளகாயும் போடுகிற ஊர் எங்களுடையது. ஊரில் மாடி வீடு என்று ஒன்று கிடையாது. அய்யாவுக்கு நாலு ஏக்கர் நிலமும் நல்ல பெயரும் இருந்தன. அடுத்தவன் வயலில் கூலிக்குப் போகாதவர், அடுத்தவன் சுமையைத் தலையில் வைக்காதவர் என்பது அவருக்குப் பெரிய பெருமை. அந்தப் பெருமையில்தான் கண்டிப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்தவரை மாப்பிள்ளையாகப் பிடித்தார். நான் சிலோன் மாப்பிள்ளை வேண்டாம் என்று அழுதேன். என் அழுகை அவர் காதில் ஏறவில்லை. கல்யாணம் முடிந்த கையோடு வீட்டுக்காரர் கப்பலேறிவிட்டார். மகள் பிறந்து, நடந்து, பேச ஆரம்பித்த பிறகுதான் எங்கள் இரண்டு பேருக்கும் பெர்மிட் வந்தது. அதுவரைக்கும் நான் அய்யா வீட்டுச் சோற்றைத் தின்றுகொண்டே அய்யாவோடு முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தேன். பிடிவாதத்தில் நான் அவருக்குச் சளைத்தவள் இல்லை.

மூன்றாம் வகுப்பில் போகிறவர்களை மண்டபம் கேம்ப்பில் சில நாள் தங்க வைத்து, உடம்பைச் சோதித்து, ஊசி போட்ட பிறகுதான் விடுவார்கள். அய்யா ஊருக்குப் போகாமல் கேம்ப் வாசலுக்கு எதிரே ஒரு டீக்கடைப் பெஞ்சே கதி என்று கிடந்தார். தினமும் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பேத்திக்குப் பொரிகடலை கொடுப்பார். என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்பார். "மாப்ள கூட்டிப் போக வருவார்ல?" நான் எங்கேயோ பார்த்துக்கொண்டு, "வருவாரு" என்பேன்.

கப்பலேறிய அன்றைக்கு ஆடிக்காற்று அடித்துக்கொண்டிருந்தது. மூன்றாம் வகுப்புக்கு அறை கிடையாது. திறந்த தட்டில் படுதாவைக் கட்டி, அதன் கீழே பாயும் மூட்டையுமாக உட்கார வேண்டியதுதான். ஊசி போட்ட கை வீங்கி என் மகள் ஓயாமல் கத்தினாள். படுதாவைத் தூக்கிக்கொண்டு வந்த சாரல் எங்கள் மேலேயே விழுந்தது. அந்தப் பக்கமாக வந்த வெள்ளைச் சட்டை அதிகாரி ஒருவர் நின்று பார்த்தார். மேல் வகுப்பில் டிக்கெட் எடுத்திருந்த ஒரு பெரிய வீட்டு அம்மாள் வரவில்லையாம், ஒரு கேபின் காலியாக இருந்தது. அதிகாரி தன் கூட நின்ற கப்பல்காரரிடம் ஏதோ இங்கிலீஷில் சொல்லிவிட்டுப் போனார்.

அந்தக் கப்பல்காரர் மண்டபத்துக்குப் பக்கத்தில் இருக்கிற புதுமடத்து முஸ்லிம். என் அண்ணன் வயசு இருக்கும்.

"எந்திரிம்மா. தொர உன்னைய மேல கேபின்ல விடச் சொல்லிட்டாரு. பிள்ளையத் தூக்கு" என்றார்.

எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆனது. மூன்றாம் வகுப்புக்காரர்களை வழியனுப்ப வந்தவர்கள் துறைமுகக் கொட்டகையோடு நின்றுவிட வேண்டும். மேல் வகுப்புக்காரர்களுக்கு அப்படி இல்லை, மணி அடிக்கிற வரைக்கும் அவர்களுடைய ஆட்கள் கப்பலுக்குள் வந்து நிற்கலாம். கொட்டகைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற அய்யாவைப் பார்த்து அந்தக் கப்பல்காரர்தான் கையை ஆட்டினார். "பெரியவரே, மகளுக்கு மேல கேபின் கெடச்சிருக்கு. வந்து பாத்துட்டுப் போங்க." நல்ல மனசோடுதான் கூப்பிட்டார்.

அய்யா பேத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு என் பின்னாலேயே ஏணிப்படி ஏறி வந்தார். வழியனுப்புவதற்கென்று எடுத்த புது வேட்டி, கரை போட்ட துண்டு. கேபினில் மேலும் கீழுமாக இரண்டு கட்டில், வெள்ளை விரிப்பு, வட்டமாக ஒரு கண்ணாடி ஜன்னல், முகம் கழுவப் பீங்கான் தொட்டி. அவர் மெத்தையை ஒற்றை விரலால் அமுக்கிப் பார்த்தார். குழாயைத் திறந்து தண்ணீர் வந்ததும் பதறி மூடினார். பக்கத்துக் கேபின் வாசலில் நின்ற ஒரு கோட்டுக்காரரிடம், அவர் கேட்காமலேயே, "எம் மக இதுலதான் போறா" என்றார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

மணி அடித்தது. "வழியனுப்ப வந்தவுகள்லாம் கீழ போங்க! கீழ போங்க!" என்று நடையில் யாரோ சத்தம் போட்டுக்கொண்டே போனார்கள். அய்யா பேத்தியை என் மடியில் விட்டார். "வாரேன் ஆத்தா" என்றார். நான் "ம்" என்றேன். அவர் போனதும் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். வேண்டாம் வேண்டாம் என்று சொன்ன இடத்துக்கு என்னை அனுப்பிவிட்டு, மெத்தை நன்றாக இருக்கிறது என்று சந்தோஷப்பட்டுப் போகிறாரே என்று அழுதேன். அழுத களைப்பில் எனக்கும் பிள்ளைக்கும் கண் அசந்துவிட்டது.

கதவைத் தட்டிய சத்தத்தில் விழித்தேன். கப்பல் ஆடிக்கொண்டிருந்தது, ஜன்னலில் கடல் தவிர வேறொன்றும் இல்லை. கதவைத் திறந்தால் புதுமடத்துக்காரர் அய்யாவின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

"யம்மா, ஒங்க அய்யா எறங்கவே இல்லம்மா. அங்கிட்டு நெழல்ல உக்காந்து தூங்கிக்கிட்டு இருந்தாரு. பெரியவரே, அம்புட்டுத் தூரம் கத்துனோம்ல, எறங்குங்கன்னு?"

"எங்கப்பா எறங்கச் சொன்னீக?" என்றார் அய்யா. "கீழ போங்கன்னீக. கீழ போனேன். எறங்குன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா எறங்கியிருப்பேன்ல?"

எனக்கு அப்போதுதான் விளங்கியது. எங்கள் ஊரில் கீழ என்றால் கிழக்கு, மேல என்றால் மேற்கு. கீழத்தெரு, மேலக்காடு. சாப்பிட உட்காரும்போதுகூட "கொஞ்சம் கீழ தள்ளி உக்காரு" என்றால் கிழக்கே நகர்ந்து உட்காருவோம். மரத்திலிருந்தோ வண்டியிலிருந்தோ வருவதற்கு எறங்கு என்றுதான் சொல்வோம். துறைமேடை கப்பலுக்கு மேற்கே இருந்தது. கீழ போகச் சொன்னார்கள் என்று அய்யா கிழக்கே, கடல் பக்கமாகப் போயிருக்கிறார். வெளியே போகிற வழி அங்கேதான் இருக்கும், ஆள் வந்து கூட்டிப்போவார்கள் என்று காத்திருந்திருக்கிறார். அந்தப் பக்கம் பார்த்தால் கடல்தானே தெரியும்? கப்பல் நகர்ந்ததை அவர் எப்படிக் கண்டுபிடிப்பார்?

நான் சிரித்துவிட்டேன். புதுமடத்துக்காரர் சிரிக்கவில்லை. உள்ளே வந்து கதவைச் சாத்தினார்.

"வெளயாட்டு இல்லம்மா. இவருகிட்ட பெர்மிட் இருக்கா, பாஸ்போர்ட் இருக்கா? அங்கன இப்ப ரொம்பக் கெடுபிடி. காயிதம் இல்லாம வந்தா கள்ளத்தோணின்னு புடிச்சு உள்ள போட்டுருவான்."

"தோணியா?" என்றார் அய்யா. "நான் கப்பல்லதானே வாரேன்?"

"எல்லாம் ஒண்ணுதான் பெரியவரே. நீங்க தனியாளுன்னா, தெரியாம ஏறிட்டாருன்னு இதே கப்பல்ல திருப்பி விட்டாலும் விடுவாங்க. மகளும் தகப்பனும்னு தெரிஞ்சா, அப்பனைத் திருட்டுத்தனமாக் கூட்டி வந்தாள்னு அந்தப் பிள்ளை பெர்மிட்டையும் கிழிச்சிருவாங்க. எனக்கும் வேலை போயிரும், அல்லா காப்பாத்தணும். ரெண்டு பேரும் யாரோ எவரோன்னு இருந்துக்கங்க."

"அதெப்படி?" என்று நான் சத்தம் போட்டேன். "பெத்த அப்பனை யாரோன்னு சொல்லச் சொல்றீகளா? நான் உள்ளதச் சொல்லுவேன். கிழிச்சாக் கிழிக்கட்டும்." கோபத்தில் சொன்னேனே தவிர, மடியில் செருகியிருந்த பெர்மிட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். எத்தனை மனு, எத்தனை நடைக்குப் பிறகு வந்த பெர்மிட் அது. கிழித்துவிட்டால் என் மகள் தகப்பன் முகத்தை எப்போது பார்ப்பாள் என்று யாருக்குத் தெரியும்? அதற்காக இந்த மனுஷரைச் சிறையில் விட்டுவிட்டு நான் குடித்தனம் நடத்தவா?

புதுமடத்துக்காரர் போய்விட்டார். அய்யா கட்டிலில் உட்கார மாட்டேன் என்று தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அவரும் நானும் மட்டும் ஒரு அறைக்குள் இருந்து வெகு காலம் ஆகியிருந்தது.

"நீ வேண்டாம்னுதான் சொன்ன ஆத்தா" என்றார். "நான்தான் கேக்கல."

எத்தனையோ நாளாக அந்த ஒரு வார்த்தைக்குத்தான் நான் காத்திருந்தேன். வந்ததும் எனக்குப் பிடிக்கவில்லை. இப்படியொரு இக்கட்டில் வந்து சொல்ல வேண்டுமா என்று இருந்தது. "இப்ப எதுக்கு அந்தப் பேச்சு? அவரு நல்ல மனுசர்தான். நல்லாத்தான் வச்சுக்குவாரு" என்றேன். அது உண்மையா என்று எனக்கே தெரியாது. அவர் தலையை ஆட்டிக்கொண்டார். பிறகு பேத்தியை வாங்கி மடியில் போட்டு, வீங்கிய கையை ஊதி ஊதி விட்டுக்கொண்டே வந்தார்.

தலைமன்னார் தெரிந்ததும் எழுந்தார். தோளில் கிடந்த கரைத் துண்டை எடுத்து முறுக்கிச் சுருட்டித் தலையில் வைத்தார். மூட்டை தூக்குகிறவர்கள் வைக்கிற சும்மாடு. வேட்டியை முழங்காலுக்கு மேலே மடித்துக் கட்டிக்கொண்டு, என் டிரங்குப் பெட்டியைச் சும்மாட்டின் மேல் ஏற்றினார். "நான் தூக்கிக்கிறேன் அய்யா" என்றேன். "பிள்ளையத் தூக்கு" என்றார். பெட்டி கனமாக இருக்கிறதே என்று செய்கிறார் என நினைத்தேன். அவருக்குள் என்ன ஓடியது என்று எனக்குத் தெரியவில்லை.

கரையில் இருந்த கொட்டகையில் வரிசையாக நின்றோம். மேசைக்குப் பின்னால் யாழ்ப்பாணத் தமிழ் பேசுகிற அதிகாரி உட்கார்ந்திருந்தார். என் பெர்மிட்டை வாங்கிப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார். பிறகு எனக்குப் பின்னால் நின்றவரிடம் கையை நீட்டினார். அய்யா பெட்டியை இறக்கி வைத்துவிட்டுச் சும்மா நின்றார்.

"உம்முடைய கடுதாசி எங்கை?" என்றார் அதிகாரி. அய்யா வெறும் கையை விரித்தார். அதிகாரி என் பக்கம் திரும்பினார். "ஆர் இவர்? உம்மோடை வந்தவரோ?"

நான் வாயைத் திறந்தேன். ஆமாம், என்னைப் பெற்றவர் என்று சொல்லத்தான் திறந்தேன். அதற்குள் அய்யா முன்னால் வந்துவிட்டார்.

"இந்தப் பிள்ளை யாருன்னே எனக்குத் தெரியாது சாமி. நான் தனுஷ்கோடியில மூட்ட தூக்குற கூலிக்காரன். பொட்டியக் கொண்டாந்து வச்சுட்டு நெழல்ல உக்காந்தேன், கண்ணசந்துட்டேன். கப்பலு கெளம்பிருச்சு."

அவர் குரல் கொஞ்சம்கூடத் தடுமாறவில்லை. ஆனால் என் மகளுக்கு அதெல்லாம் தெரியுமா? நான் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு அவளும் தாத்தாவை அய்யா என்றுதான் கூப்பிடுவாள். இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு, "அய்யா! அய்யா!" என்று எம்பினாள். அய்யா அவளைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அதிகாரி மட்டும் முகம் மலர்ந்து சிரித்தார்.

"இத்தினிக்குண்டு பிள்ளை என்னை ஐயா எண்டு கூப்பிடுது. மரியாதை பழக்கியிருக்கிறியள்" என்று சொல்லிக்கொண்டே என் பெர்மிட்டில் முத்திரையைக் குத்திக் கொடுத்தார். பிறகு ஒரு சேவகரைக் கூப்பிட்டு, "இவரைத் திருப்பிக் கப்பலிலை ஏத்தும். காலமை கொண்டு போகட்டும்" என்றார்.

சேவகர் அய்யாவின் பிடரியில் கை வைத்துத் தள்ளினார். "நடடா, கள்ளத்தோணி" என்றார். ஊரில் எங்கள் அய்யாவைப் பெயர் சொல்லிக் கூப்பிடக்கூட ஆள் குறைவு. அவர் தலையில் சும்மாடோடு, தள்ளிய பக்கமாக நடந்தார். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். அவர் செய்த காரியத்தை ஒரு சத்தத்தில் கெடுத்துவிட என்னால் முடிந்திருக்கும், அதனால்தான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். என்னைக் கேட்காமல் என் கல்யாணத்தை முடிவு செய்த மாதிரியே இதையும் என்னைக் கேட்காமல் முடிவு செய்துவிட்டாரே என்று வந்த கோபம் இன்னும் எனக்குத் தீரவில்லை.

கொட்டகைக்கு வெளியே என் வீட்டுக்காரர் நின்றிருந்தார். வந்திருந்தார். முதல்முதலாக மகளைக் கையில் வாங்கினார். அவளோ அவரைப் பார்க்காமல் கப்பல் பக்கமே திரும்பித் திரும்பிக் கத்திக்கொண்டிருந்தாள். கப்பலின் விளிம்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு புது வேட்டி ஒன்று நின்றது. அய்யா மாப்பிள்ளையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கொட்டகை வாசலில் அந்தச் சேவகர் இன்னும் நின்றுகொண்டிருந்தார்.

"என்ன புள்ள, பிள்ள அய்யா அய்யாங்குது?" என்றார் வீட்டுக்காரர். "மாமா ஒன்னைய வழியனுப்ப வரலையா?"

"வந்திருக்காரு" என்றேன். "அங்கன பாக்காதீக."