அப்போதிக்கரியின் ஊஞ்சல் கயிறு

என் வீட்டுக்காரர் இப்றாஹிம் அரசாங்க டிஸ்பென்சரியில் அப்போதிக்கரி. மருந்து கொடுப்பதுதான் உத்தியோகம். ஆனால் அது உடம்புக்குள் போய் என்ன செய்யும் என்று சொல்லாமல் ஒரு குளிசையைக்கூடக் கையை விட்டுப் போக விடமாட்டார். இருமலுக்கு வந்தவர்கள் நுரையீரலைப் பற்றி முழுதாகக் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும். அதற்குள் இருமல் தானாகவே நின்றுவிடும் என்று ஊரில் பகிடி பண்ணுவார்கள்.

கொழும்பில் இருந்த டாக்டர் நண்பர் ஒருவர் பழைய மருத்துவச் சஞ்சிகைகளை அனுப்பத் தொடங்கியதும் நிலைமை இன்னும் மோசமானது. எங்கள் வீட்டில் சோற்றோடு டி.என்.ஏ.யும் பரிமாறப்பட்டது.

"றாஹிலா, கண்ணுக்குத் தெரியாத ஒரு செல்லுக்குள்ள ஆள் உயரத்துக்கு நூல் கிடக்கு. அத முறுக்கிச் சுருட்டித்தான் உள்ளுக்கு வெச்சிருக்கு. எந்த இடம் இறுகியிருக்கு, எந்த இடம் தளர்ந்திருக்கு எண்டதப் பார்த்துத்தான் உடம்பு அத வாசிக்கிற."

"முதல்ல சோத்தத் திண்ணுங்க, ஆறுது," என்பேன். கறியில் உப்புக் கூடியிருந்தாலும் அவருக்குத் தெரியாது. அது ஒரு வசதிதான்.

எண்பத்திரண்டாம் ஆண்டு நோன்பு மாதத்தில் ஊரில் ரத்தமாகப் போகும் வயிற்றுளைவு பரவியது. பழைய மருந்துக்கு அது அசையவில்லை. புதுக் குளிசை வந்தது. பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு டிஸ்பென்சரி வாசலில் வரிசை நீளும். எல்லோரும் நோன்போடு நிற்பவர்கள். ஊருக்கெல்லாம் காக்காவான, அதாவது அண்ணனான, இவரோ வழமைபோல ஒருவருக்கு விளக்கம் கொடுத்துக்கொண்டிருந்தார். வரிசையில் நின்ற மில்காரர் ஷரிபுதீனுக்குப் பொறுமை போய்விட்டது.

"காக்கா, நாக்கு வறண்டு நிக்கிறம். மருந்த மட்டும் தாங்க, கதையப் பெருநாளைக்கு வெச்சிருங்க!"

வரிசை முழுதும் சிரித்தது. பின்னால் இருக்கும் குவார்ட்டர்ஸ் ஜன்னலில் நின்ற எனக்கு அவருடைய முகம் சுருங்கியது தெரிந்தது. அடுத்து வந்தவள் சுபைறா. இடுப்பில் வாடிய கீரைபோல அவளுடைய மகள் ஆயிஷா. இவர் குளிசையைக் கடதாசியில் சுற்றி, "நேரத்துக்கு நேரம் குடு," என்று மட்டும் சொன்னார். வீட்டுக்கு வந்தும் வாய் திறக்கவில்லை. சோறு சூடாகவே சாப்பிட்டார். எனக்கு அது துளியும் பிடிக்கவில்லை.

சில நாட்களில் சுபைறா திரும்பி வந்தாள். நான் பெருநாளுக்காக மாமரத்தில் ஊஞ்சல் கட்டிக்கொண்டிருந்தேன்.

"காக்கா, உங்கட குளிசை சரியில்ல. முதல்ல சுகம் வந்திச்சி. இப்ப திரும்பவும் ரெத்தமாப் போகுது. புள்ளைக்குக் கண் செருகுது. இனி நான் மருந்து குடுக்கமாட்டன், தண்ணி ஓதிக் குடுக்கப் போறன்."

இவர் பதறிப்போனார். "எல்லாத்தையும் குடுத்தியா?"

"பாதிய வேலிக்கு மேலால தங்கேஸ்வரிக்குக் குடுத்தன். அவள்ட மகன் குணத்துக்கும் இதே வருத்தம். கஞ்சிக் கோப்பையோட அனுப்பினன்."

அவள் அதைப் பெருமையாகத்தான் சொன்னாள். எங்கள் பக்கத்தில் வேலிக்கு இந்தப்புறம் முஸ்லிம் ஊரான மாளிகைக்காடு, அந்தப்புறம் தமிழ் ஊரான காரைதீவு. நோன்பு மாதத்தில் எதைக் கிண்டினாலும் ஒரு கோப்பை வேலி தாண்டாமல் இருக்காது. குளிசையும் அந்தக் கணக்கில் போயிருக்கிறது.

"குணத்துக்கு எப்பிடி?"

"அவனுக்கும் திரும்பிட்டாம்."

இவர் நேராக என் ஊஞ்சலிடம் வந்தார். பலகையைச் சுற்றோ சுற்றென்று சுற்றினார். இரண்டு கயிறும் ஒன்றையொன்று பின்னிக்கொண்டன. பலகையை என்னிடம் பிடிக்கத் தந்தார்.

"சுபைறா, கிருமிக்குள்ளயும் இப்பிடித்தான் ரெண்டு கயிறு பின்னிக் கிடக்கு. கிருமி ஒண்டு ரெண்டாப் பெருகணுமெண்டா இதப் பிரிக்கணும். பிரிச்சுப் பாரு."

அவள் நடுவில் கைகளை நுழைத்து விலக்கினாள். மேலே கயிறு இறுகிக் கரகரத்தது. "ஏலாது காக்கா, மேல முறுக்கேறுது."

"அதான். முறுக்கேறினா கிருமியும் நிண்டிரும். அதுக்காக உள்ளுக்கு ஒரு வேலைக்காரன வெச்சிருக்கு. அவன் கயிற வெட்டுவான், முறுக்கத் தளர்த்துவான், திரும்ப ஒட்டுவான். நம்மட குளிசை அவன்ட கையப் புடிக்கும். வெட்டின கயிறு வெட்டினபடி கிடக்கும். கிருமி செத்துப்போகும்."

"பாதிக் குளிசை போனா?"

"கொஞ்சப் பேர்ட கையத்தான் புடிக்கலாம். மிஞ்சின கிருமி திரும்பவும் பெருகும்."

சுபைறா கயிற்றை விட்டாள். பலகை என் கையை உதறிக்கொண்டு சுழன்றது. "யா அல்லாஹ், நல்லது செய்யப்போய் ரெண்டு புள்ளைகளையும் நானா கெடுத்திட்டன்?" என்று அழுதாள்.

"நீ இல்ல புள்ள. நான்தான் ரோஷத்தில வாயப் பொத்திட்டு நிண்டன்."

டிஸ்பென்சரியில் இருந்தது ஒரு பிள்ளைக்குத்தான் போதும். அதைச் சுபைறாவின் கையில் வைத்துவிட்டு, நோன்போடு சைக்கிளை மிதித்துக் கல்முனைக்குப் போய் மற்றப் பிள்ளைக்கும் வாங்கி வந்தார். வேலியடியில் நின்று தங்கேஸ்வரிக்கும் கயிற்றுக் கதை முழுவதையும் சொன்னார். நோன்பு திறக்கப் பள்ளியில் பாங்கு சொல்லியும் நிறுத்தவில்லை. ஒரு பேரீச்சம்பழத்தை நான்தான் அவர் வாயில் திணித்தேன்.

ஆயிஷா மூன்றாம் நாள் பசிக்கிறது என்று கத்தினாள். எனக்கு அதைவிட இனிமையான சத்தம் அந்த மாதத்தில் கேட்கவில்லை. மறுநாள் குணமும் எழுந்து உட்கார்ந்தான். ஆனாலும் அம்மாமார் இருவரும் கடைசிக் குளிசைவரை கொடுத்து முடித்தார்கள்.

பெருநாளன்று மத்தியானம் பிள்ளைகள் இரண்டும் எங்கள் ஊஞ்சலில் ஏறிக் கயிற்றை முறுக்கிவிட்டுச் சுழன்றன. ஷரிபுதீன் தலைவலிக் குளிசை வாங்க வந்தார். இவர் பேசாமல் எடுத்துக் கொடுத்தார். வாங்கியவர் போகாமல் தலையைச் சொறிந்தார்.

"காக்கா, கதையப் பெருநாளைக்கு வெச்சிருங்க எண்டன். இண்டைக்குப் பெருநாள்."

இவர் முகம் மலர்ந்துவிட்டது. "இருங்க, தலை ஏன் வலிக்கிற எண்டு சொல்றன்," என்று கதிரையை இழுத்துப் போட்டார். புரியாணிச் சட்டியை மூடி வைத்துவிட்டு, நானும் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.