பதினொன்றில் ஒன்று குறைகிறது

1900 ஜூன் மாதத்தில் ஒருநாள், மக்கள்தொகைக் கணக்கெடுக்க வந்த ஆள் தர்ஸா ரக்மனின் வாசலில் நின்று, எத்தனை பிள்ளை பெற்றாய், எத்தனை உயிரோடு இருக்கிறது என்று கேட்டிருக்கிறார். தர்ஸாவுக்கு அப்போது அறுபத்தெட்டு வயது. கணவன் ஏஸா இறந்து ஒன்பது வருடம். பதினொன்று, ஐந்து என்று பதில் சொல்லியிருக்கிறாள். இரண்டு குறுகிய கட்டங்களில் அந்த எண்கள் இன்றும் இருக்கின்றன. மை கொஞ்சம் பழுத்துவிட்டது, அவ்வளவுதான்.

அந்தப் பதினொன்றில் பத்துப் பேரைத்தான் ஆர்லெட்டா கிரேபிலால் கண்டுபிடிக்க முடிந்திருந்தது.

ஆர்லெட்டா, தர்ஸாவின் எள்ளுப்பேத்தி. தெற்கு ஓஹையோவில் எங்கள் மாவட்ட நூலகத்தின் கீழ்த்தளத்தில் வம்சாவளி அறை இருக்கிறது. செவ்வாயும் வியாழனும் அங்கே வருவார், இருபத்திரண்டு வருடமாக. கடைசி நான்கு வருடம் அந்த அறை என் பொறுப்பில் இருந்தது. குள்ளமான, கனத்த பெண்மணி. ஆரம்பப் பள்ளிச் சமையலறையில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தவர். கணவர் மெர்வின் சரளைக்கல் லாரி ஓட்டியவர்; நான் வருவதற்கு வெகுகாலம் முன்பே இறந்துபோய்விட்டார். மகள் டானா ஊரிலேயே பல் மருத்துவரிடம் வேலை செய்தாள். மகன் கீத் டெக்சஸில்.

ஒரு பிள்ளை குறைந்தால் என்ன, நூற்றைம்பது வருடத்துக்கு முந்தைய கதைதானே என்று யாராவது கேட்டால் ஆர்லெட்டா பள்ளிச் சமையலறையிலிருந்துதான் பதில் சொல்வார். “தட்டும் தலையும் ஒத்துப்போகணும். ஒத்துப்போகலேன்னா எங்கேயோ ஒரு பிள்ளை பசியோட உட்கார்ந்திருக்குன்னு அர்த்தம்.”

தர்ஸாவின் கல்லறையில் வயலிலிருந்து புரட்டிக் கொண்டுவந்த ஒரு முரட்டுக்கல் மட்டும் நின்றது. ஆர்லெட்டா அதற்குக் கருங்கல் செதுக்கச் சொல்லியிருந்தார். முன்பக்கம் தர்ஸாவும் ஏஸாவும், பின்பக்கம் பிள்ளைகளின் பெயர்கள். பத்துப் பெயரோடு செதுக்க அவருக்கு மனமில்லை. கல் செதுக்குபவரிடம் இரண்டு முறை தவணை கேட்டாகிவிட்டது. அதற்குள் இடது கண்ணின் நடுப்பார்வை போய்விட்டது. வலது கண்ணுக்கு மாதம் ஓர் ஊசி. அதுவும் எத்தனை நாளைக்கு என்று மருத்துவர் சொல்லவில்லை. அந்தப் பெயரைத் தன் கண்ணாலேயே படித்துவிட்டால் போதும், பிறகு கண் எப்படியாவது போகட்டும் என்பார்.

அவர் தேடிய இடம் நியாயமான இடம்தான். கணக்கெடுப்பு பத்து வருடத்துக்கு ஒருமுறை. ஒரு கணக்குக்கும் அடுத்த கணக்குக்கும் நடுவில் பிறந்து, நடுவிலேயே இறந்துபோன குழந்தை எந்தத் தாளிலும் ஏறாது. எங்கள் மாநிலத்தில் 1867க்கு முன் பிறப்பையும் இறப்பையும் மாவட்டத்தில் யாரும் எழுதி வைக்கவில்லை. ஆகவே பதினோராவது பிள்ளை அப்படிப்பட்ட ஓர் இடைவெளியில் விழுந்திருக்க வேண்டும் என்று முடிவுகட்டி, தேவாலயப் பதிவுகள், குடும்ப வேதாகமங்கள், மண்மூடிய கல்லறைகளின் பட்டியல்கள் என்று ஒவ்வொன்றாகப் பார்த்து முடித்திருந்தார்.

அந்த அறையில் இரண்டு வழக்கங்கள். பேனா கூடாது, பென்சில் மட்டும். பழைய தாள்களில் மை பட்டுவிடக் கூடாது என்பதற்காக. இன்னொன்று எங்கும் எழுதி ஒட்டப்படாதது: கேட்காமல் அடுத்தவர் வீட்டுச் செத்தவர்களைத் தொடக் கூடாது. ஒருவர் தன் கொள்ளுத்தாத்தா போர்வீரர் என்று நம்பினால், அவர் போரிலிருந்து ஓடிப்போனவர் என்ற தாள் உன் கையில் இருந்தாலும் அவராகக் கேட்கும்வரை நீ வாய் திறக்க மாட்டாய். எனக்கு இந்த வழக்கம் ரொம்ப வசதியாக இருந்தது. இயல்பாகவே நான் வாய் திறக்காதவன்.

ரக்மன் குடும்பத்தில் ஒரு நகைச்சுவை இருந்தது. தர்ஸாவின் மகள்களில் ஒருத்தி பெர்மீலியா. 1860 கணக்கில் அவளுக்கு மூன்று வயது. 1870இல் பதிமூன்று இருக்க வேண்டும், எட்டு என்று இருக்கிறது. 1900இல் முப்பத்தெட்டு என்கிறாள், நாற்பத்துமூன்று இருக்க வேண்டியவள். வாழ்நாள் முழுக்க ஐந்து வயதை ஒளித்தவள் என்று ஆர்லெட்டா தன் குடும்பப் புத்தகத்தில் எழுதிவிட்டார். 2001இல் நகல் கடையில் அச்சடித்து, சுருள் கம்பி போட்ட எண்பத்துநாலு பக்கப் புத்தகம். ஆகஸ்டு மாதம் ஊர்க்கூடத்தில் கூடும் குடும்ப விருந்தில், மசித்த உருளைக்கிழங்கும் அதன்மேல் நூடுல்ஸும் சாப்பிட்டு முடித்ததும், வயதைக் குறைத்துச் சொல்லும் பெண்ணுக்குப் ‘பெர்மீலியா பட்டம்’ என்று காகிதக் கிரீடம் சூட்டுவார்கள். டானாவுக்கு இரண்டு முறை கிடைத்திருக்கிறது.

எங்கள் அறைக்கு வரும் ஓய்வுபெற்ற தபால்காரர் வெண்டல், எட்டு வயது என்பது பெண்ணின் தப்பாக இருக்காது என்பார். “கணக்கெடுக்க வந்தவனோட குதிரைக்கு அவசரம். பக்கத்து வீட்டுல கேட்டு எழுதிட்டுப் போயிருப்பான்.”

“உங்க வம்சம் முழுக்க அந்தக் குதிரைமேலதான் உட்கார்ந்திருக்கு, வெண்டல். எங்க பெர்மீலியாவையும் ஏத்தாதீங்க” என்பார் ஆர்லெட்டா.

செப்டம்பரில் ஒரு பெட்டி வந்தது. மேட்டில் இருந்த மெதடிஸ்ட் தேவாலயத்தைப் பூட்டிவிட்டார்கள். அதன் மாடத்திலிருந்த பொருட்களை எங்களிடம் கொடுத்தார்கள். அவற்றைப் பட்டியலிட்டுக்கொண்டிருந்தபோது ஒரு பிரசங்கியாரின் கைக்குறிப்பு கிடைத்தது. 1861 அக்டோபர் பதினாலாம் தேதிக்கு நேராக இப்படி இருந்தது: ‘ஏஸா ரக்மனின் பெண் பெர்மீலியாவை அடக்கம் செய்தேன். வயது நாலு. தொண்டைக் காய்ச்சல். இந்த வாரம் இது மூன்றாவது.’

நான் பக்கங்களைத் தள்ளினேன். 1862 ஜூன்: ‘ஏஸா ரக்மனின் புதுப் பெண்ணுக்கு ஞானஸ்நானம். தாய் அதே பெயரைக் கொடுத்தாள். யோசித்துத்தான் சொல்கிறாயா என்றேன். அந்தப் பெயர் அதிகம் உடுத்தப்படவில்லை என்றாள்.’

பெர்மீலியா இரண்டு பேர். பதினோராவது பிள்ளை எந்த இடைவெளியிலும் விழவில்லை. 1860 கணக்கிலேயே, மூன்று வயது என்று, பெயரோடு இருந்தாள். ஆர்லெட்டா அந்த வரியை எத்தனை நூறு முறை படித்திருப்பார். அக்காவின் சட்டையைத் தங்கைக்குப் போடுவதுபோல, இறந்த பிள்ளையின் பெயரை அடுத்த பிள்ளைக்கு வைப்பது அந்தக் காலத்தில் இங்கே சாதாரணம். எங்கள் அறைக்கு வருபவர்கள் எல்லோருக்கும் அது தெரியும். ஆர்லெட்டாவுக்கும் தெரியும். ஆனால் சிரிப்பு ஒன்று அந்த இடத்தில் ஏற்கெனவே உட்கார்ந்துவிட்டிருந்தது.

நான் சொல்லவில்லை. பட்டியல் முடியாத பெட்டியைக் காட்டக் கூடாது என்பது ஒரு காரணம். அவர் கேட்கவில்லை என்பது இன்னொன்று. இரண்டும் காரணங்கள்தான். உண்மையில், அந்தக் காகிதக் கிரீடத்தை நினைத்தால் எனக்கு வார்த்தை எழவில்லை. செப்டம்பர் போயிற்று, அக்டோபர் போயிற்று. செவ்வாயும் வியாழனும் அவர் என்னிடமிருந்து எட்டடி தூரத்தில், கணினித் திரையில் மூக்கு படும்படி குனிந்து, இல்லாத இடைவெளிகளில் தேடிக்கொண்டிருந்தார். பட்டியல் முடிந்ததும் சொல்லிவிடுவேன் என்று ஒவ்வொரு வாரமும் நினைத்தேன். பட்டியலை நான் மெதுவாகத்தான் எழுதினேன்.

நவம்பர் கடைசியில், நன்றி தெரிவிக்கும் விருந்து நாளன்று காலை, வான்கோழியை அடுப்பில் வைத்துவிட்டு நிமிர்ந்தபோது அவருடைய வலது கண்ணுக்குள் ரத்தம் கசிந்தது. அதன்பின் பக்கவாட்டில் தெரியும் வெளிச்சமும் நிழலும் மட்டும்தான் மிச்சம்.

டிசம்பர் இரண்டாம் வாரம் டானா அவரைக் கைபிடித்து அழைத்துவந்து நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு வேலைக்குப் போனாள். இனி என்ன செய்யப்போகிறேன் என்று ஆர்லெட்டா புலம்பவில்லை. தன் கோப்புகளை யாருக்குக் கொடுக்கலாம் என்றுதான் கேட்டார். கல்லைப் பத்துப் பெயரோடு செதுக்கச் சொல்லிவிடப் போகிறாராம்.

அப்போதுதான் சொன்னேன். குறிப்பேட்டை எடுத்துவந்து அவர் கையில் வைத்தேன். விரலால் தாளைத் தடவிப் பார்த்தார்.

“வாசி.”

வாசித்தேன். இரண்டாவது குறிப்பை மறுபடி வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். வெண்டல் தன் மேசையில் தலையைத் தூக்காமல் இருந்தார்.

“அந்தக் குழந்தையை வச்சுத்தான் நாங்க இத்தனை வருஷமா சிரிச்சிட்டிருந்தோமா” என்றார் ஆர்லெட்டா.

பிறகு, பெட்டி எப்போது வந்தது என்று கேட்டார். செப்டம்பர் என்றேன். பொய் சொல்லியிருக்கலாம். அவர் என் பக்கம் முகத்தைத் திருப்பினார், ஆனால் என்னைச் சற்றே தாண்டிப் பார்த்தார்.

“செப்டம்பர்ல எனக்குக் கண்ணு இருந்துச்சுப்பா.”

அதற்குமேல் அதைப் பற்றி அவர் என்றைக்கும் பேசவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அடுத்த வியாழன் வந்தபோது ஒரு குடும்பத் தாள் கேட்டார். அம்மா, அப்பா, பிள்ளைகள் என்று வரிவரியாகக் கட்டம் போட்ட தாள். அறைக்கு வரும் எல்லோரும் முதலில் நிரப்புவது. இருபத்திரண்டு வருடத்தில் அவர் தன் சொந்த வீட்டுத் தாளை நிரப்பியதே இல்லை. வரிகளின்மேல் அட்டைத்துண்டு ஒன்றைப் பிடித்துக்கொண்டு வழிகாட்டச் சொன்னார். பென்சிலால் தானே எழுதினார். முதல் பிள்ளை டானா, 1969. இரண்டாவது, கீத், 1971. மூன்றாவது, கீத், 1975.

அவரே சொன்னார், தணிந்த குரலில், ஏதோ சமையல் குறிப்பு சொல்வதுபோல. பெரிய பையன் மூன்று மணி நேரம்தான் உயிரோடு இருந்தான். அவர் கையில் கொடுக்கவில்லை. அந்தக் காலத்தில் கொடுக்க மாட்டார்கள். பெயர் எதற்கு என்றார் மெர்வின். பெயரில்லாமல்தான் புதைத்தார்கள், எங்கே என்று மெர்வினுக்கு மட்டும் தெரியும். கீத் என்பது அவனுக்காக ஆர்லெட்டா மனதுக்குள் வைத்திருந்த பெயர். நாலு வருடம் கழித்துப் பிறந்தவனுக்கு அதைக் கொடுத்தார். அது செகண்ட் ஹேண்ட் பெயர் என்று மெர்வினுக்குக்கூடத் தெரியாது.

“எண்பதுல கணக்கெடுப்புத் தாள் வந்துச்சு. எத்தனை குழந்தை பெத்தீங்கன்னு அதுலயும் ஒரு கேள்வி. செத்தே பிறந்ததைச் சேர்க்க வேண்டாம்னு போட்டிருந்தாங்க. இவன் செத்துப் பிறக்கல. மெர்வின் ரெண்டுன்னு எழுதினார். நான் பக்கத்துலதான் உட்கார்ந்து பட்டாணி உரிச்சிட்டிருந்தேன்.” பென்சிலைக் கீழே வைத்தார். “தர்ஸா வாசல்ல நின்னவன்கிட்ட பதினொண்ணுன்னு சொன்னா. நான் வாயைத் திறக்கல. பெர்மீலியாவை வேற யாரு தவறவிட்டாலும் நான் விட்டிருக்கக் கூடாது.”

தான் இருக்கும்வரை இதை டானாவிடம் சொல்ல வேண்டாம் என்றார். தாளைத் தன் கோப்பில் வைக்கச் சொன்னார். வைத்தேன்.

ஏப்ரலில் கல் வந்தது. பின்பக்கம் பதினொரு பெயர்கள். பெர்மீலியா இரண்டு முறை. டானா அவருடைய விரலைப் பிடித்து ஒவ்வொரு பெயர்மேலும் ஓட்டினாளாம். ஆகஸ்டு விருந்துக்கு ஆர்லெட்டா போகவில்லை. கிரீடத்தை அந்த வருடமும் யாருக்கோ சூட்டினார்கள், பழக்கம். அக்டோபரில், மூளையில் ரத்தம் கட்டி, இரண்டு நாளில் முடிந்துவிட்டது.

பத்திரிகையில் வந்த இறப்புச் செய்திகளை வெட்டி அவரவர் கோப்பில் ஒட்டுவது என் வேலை. டானா எழுதிய செய்தியில், அவருக்கு இரண்டு பிள்ளைகள் என்று இருந்தது. அதை ஒட்டினேன்.

நவம்பரில் டானா வந்தாள், அம்மாவின் கோப்புகளைப் பார்க்க. அம்மாவின் நாற்காலியிலேயே உட்கார்ந்தாள். தாளைத் தாளாகப் புரட்டிக்கொண்டே வந்தவள் குடும்பத் தாளில் நின்றாள். வரிகள் கடைசியில் சரிந்து ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தன. பார்த்துவிட்டுச் சிரித்தாள், அழுவதற்கு முன்னால் வரும் சிரிப்பு.

“பாவம் எங்கம்மா. கடைசியில ஒண்ணும் தெரியல அவங்களுக்கு. கீத்தை ரெண்டு தடவை எழுதியிருக்காங்க. வருஷமும் தப்பு.” மேசைமேல் கிடந்த அழிரப்பரை எடுத்தாள். “நான் சரிபண்ணிடறேன். இதைப் பார்த்து நாளைக்கு யாராவது குழம்பிடப் போறாங்க.”

பென்சில் எழுத்து. இரண்டு தேய்ப்பில் போய்விடும்.

“அழிக்காதீங்க” என்றேன்.

நிமிர்ந்து பார்த்தாள். நான்கு வருடத்தில் நான் அவளிடம் நானாகப் பேசிய முதல் வார்த்தை அதுவாகத்தான் இருக்கும். அம்மா எழுதியது சரிதான் என்றேன். பிறகு மிச்சத்தையும் சொன்னேன், அம்மா சொன்ன வரிசையில், மூன்று மணி நேரம், பெயர், பட்டாணி. சொல்லி முடிக்கும்வரை ரப்பர் அவள் கையில் இருந்தது.

“எழுபத்தொண்ணுல எனக்கு ரெண்டு வயசு” என்றாள் டானா. விரல்விட்டு எண்ணிப் பார்த்தவள்போல இருந்தாள். “யாரோ வீட்டுல என்னைக் கொண்டுபோய் விட்டிருந்தாங்க. சிவப்புத் தரை போட்ட சமையலறை. அது மட்டும் ஞாபகம் இருக்கு. யார் வீடுன்னு கேட்டா அம்மா சொன்னதே இல்ல.”

ரப்பரை மேசைமேல் வைத்தாள்.

“கீத்துக்குத் தெரியுமா?”

தெரியாது என்றேன்.

தாளை அவள் கோப்புக்குள் திரும்ப வைக்கவில்லை, எடுத்துக்கொண்டு போகவுமில்லை. இரண்டு கீத்களும் மேலே தெரியும்படி மேசையில் விட்டுவிட்டு, கோட்டை மாட்டிக்கொண்டு படியேறிப் போனாள்.