ஐந்தாவது புகை

எங்கள் தாலுகா தமிழ்நாட்டோடு சேருமா சேராதா என்று டீக்கடையில் ஆளாளுக்குக் கத்திக்கொண்டிருந்த வருஷம் அது. அந்தச் சண்டைக்கு நடுவே, சின்ன வயதிலிருந்தே என்னோடு சேர்ந்து திரிகிற என் கூட்டுக்காரன் புதிதாக ஒரு சண்டையைக் கிளப்பினான். வேளிமலையில் எங்கள் ஊருக்கு நேரே தெரிகிற ஐந்து உச்சிகளையும் ஒரே பகலில் நடந்து கடந்துவிடலாம் என்றான். கும்பப்பூ அறுப்பு முடிந்து கைக்கு வேலையில்லாத சித்திரை மாதம். அடுத்த வாரம் அவனுக்குக் கல்யாணம். பெண் மலைக்கு அந்தப் பக்கம், பத்மநாபபுரத்தை ஒட்டிய ஊர். மாப்பிள்ளைக் களை ஏறியவனுக்கு மலை வயல்வரப்பாகத் தெரிந்ததில் ஆச்சரியம் இல்லை.

பெஞ்சில் அவனுடைய அக்காள் மாப்பிள்ளை உட்கார்ந்திருந்தார். அவரை ஊரில் இளவட்டங்கள் எல்லோருமே அத்தான் என்றுதான் கூப்பிடுவோம். மச்சினனைக் கிண்டல் செய்யாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

"குமாரகோவில் படி கேறுனதுக்கே நாக்கு தள்ளிச்சு. நீ மலை கேறப் போறியாக்கும்!"

"கேறிட்டா என்ன தருவீங்க?"

"என் மீசைய எடுத்துக்கிடுதேன். கேறலைன்னா உன் மீசை போகும். சம்மதமா மக்கா?"

கத்திக்கொண்டிருந்தவர்களெல்லாம் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள். எங்கள் பக்கம் தகப்பன் செத்தால்தான் மகன் மீசையை எடுப்பான். தகப்பன் குத்துக்கல் மாதிரி இருக்கும்போது, மாப்பிள்ளை மொழுமொழுவென்று மணவறையில் வந்து உட்கார்ந்தால் பெண்வீட்டார் சும்மா இருப்பார்களா? அபசகுனம் என்று கல்யாணத்தையே நிறுத்தினாலும் நிறுத்துவார்கள். அத்தான் விளையாட்டாகத்தான் சொன்னார். இவன் உடனே "சம்மதம்" என்றுவிட்டான். அவன் வாயைப் பொத்தப் போன நான், "நானும் கூடப் போறேன்" என்று சொல்லிக்கொண்டு நின்றேன். எனக்கும் வீம்புக்குக் குறைச்சல் இல்லை.

ஏற்பாடு இதுதான். ஒவ்வொரு உச்சியிலும் வெறும்பாறை மேல் தீ மூட்டி, பச்சைத் தழை போட்டுப் புகை கிளப்ப வேண்டும். அத்தான் எங்கள் ஊர்க் குளத்தங்கரையில் இருந்து பார்ப்பார். விளக்கு வைப்பதற்குள் ஐந்து புகையும் கண்ணில் பட வேண்டும்; கண்ணால் பார்த்தால்தான் கணக்கு.

விடியும்போது மலையடிவாரத்தில் இருந்தோம். முதல் உச்சிக்கு ஈத்தம் புதர்களைப் பிடித்துப் பிடித்து ஏறினோம். உள்ளங்கையெல்லாம் கீறல். மேலே போய்ப் புகையைக் கிளப்பியதும் கீழே குளத்தங்கரையில் யாரோ துண்டை வீசுவது எறும்பளவுக்குத் தெரிந்தது. இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக் குதித்தோம். வாழ்நாள் முழுக்க அண்ணாந்து பார்த்த இடத்தில் நின்றுகொண்டு ஊரைக் குனிந்து பார்ப்பது எப்பேர்ப்பட்ட சந்தோஷம்! ஊரிலேயே உயரமான கோபுரம்கூட ஒரு விரற்கடை அளவுதான் இருந்தது.

அங்கிருந்து மலையின் முதுகோடே நடை. இரு பக்கமும் சரிவு, நடுவில் நாங்கள், முகத்தில் காற்று. இரண்டாவது உச்சியில் கிழக்கே அறுத்துக் கிடந்த வயலும் குளங்களும், மேற்கே தென்னந்தோப்பும் அரண்மனை ஓட்டுக்கூரையும், தெற்கே கடலும் ஒன்றாகத் தெரிந்தன. நான் கத்தினேன், பாடினேன், காரணமில்லாமல் சிரித்தேன். அவன் மட்டும் மேற்கே பார்த்துக்கொண்டு நின்றான்.

"எந்த வீட்டத் தேடுகேலே?" என்றேன்.

"சும்மா இருலே, சவமே," என்றான். காது சிவந்துவிட்டது.

மூன்றாவது உச்சியில் புகை போட்டுவிட்டுக் கட்டுச்சோற்றை அவிழ்த்தோம். அவன் அம்மா கட்டிக்கொடுத்தது. புளியஞ்சோறு, தேங்காய்த் துவையல், ஏத்தங்காய் உப்பேரி, பலாக்காய் வற்றல். கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்த மாதிரி வளைத்துக் கட்டினோம். கடைசி உருண்டை உள்ளே போனதும் அவன் என்னைப் பார்த்தான்.

"வெள்ளம் எங்கலே?"

"நீதானே கொண்டு வந்தே?"

இரண்டு பேரும் தண்ணீர் கொண்டு வரவில்லை. கொண்டுவர வேண்டும் என்று இரண்டு பேருக்கும் தோன்றவே இல்லை. நாங்கள் நாஞ்சில்நாட்டு வயற்காட்டுக்காரர்கள். காலை நீட்டினால் கால்வாய், கையை நீட்டினால் குளம். தண்ணீரைச் சுமந்துகொண்டு நடப்பவனை எங்கள் ஊரில் பைத்தியம் என்பார்கள். மலையிலிருந்துதானே ஆறே வருகிறது, மேலே தண்ணீர் இல்லாமலா போகும் என்று கேட்டுப்பார்க்காமலே முடிவு கட்டியிருந்தோம். புளியும் உப்பும் தொண்டையில் நின்று எரிந்தன.

வேறு வழியில்லை. உச்சியை விட்டு மேற்குச் சரிவில் இறங்கினோம். பள்ளம் பள்ளமாகத் தேடி, கடைசியில் ஒரு பாறை இடுக்கில் கசிவு கிடைத்தது. பாறையோடு வாயை வைத்து மாடு மாதிரி உறிஞ்சினோம். அவ்வளவு ருசியான தண்ணீரை நான் அதற்குமுன் குடித்ததில்லை. ஆனால் இறங்கியதையெல்லாம் திரும்ப ஏற வேண்டும். பொழுது மேற்கே சாயத் தொடங்கியிருந்தது.

நான்காவது உச்சியில் புகை போட்டுவிட்டு மூச்சுகூட வாங்காமல் ஓடினோம். "மீசை! மீசை!" என்று நான் பின்னாலிருந்து விரட்டினேன். ஐந்தாவது உச்சியின் கடைசிப் பாறையை நாலு காலில் ஏறினோம். விளக்கு வைக்க இன்னும் நேரம் இருந்தது! அவன் தீக்குச்சி கிழித்தான். தழையைப் போட்டதும் தடியாகப் புகை எழும்பியது. நான் வேட்டியை அவிழ்த்து வீசிக்கொண்டே கிழக்கே திரும்பினேன்.

கிழக்கே ஊரே இல்லை. கோடைமேகம் ஒன்று எங்களுக்குத் தெரியாமல் சரிவோடு ஏறிவந்து, எங்கள் காலடி வரைக்கும் வெள்ளையாக அடைத்துக்கொண்டு நின்றது. மேற்கே பளீரென்று வெயில். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

இருட்டோடு இறங்கி வந்தோம். அத்தான் குளத்தங்கரையிலேயே நின்றிருந்தார். "நாலுதான் மக்கா," என்றார். அவர் முகத்திலும் சிரிப்பு இல்லை. ஐந்தாவதும் போட்டோம் என்று நான் கோவில் பக்கம் கையை நீட்டிச் சத்தியம் செய்தேன், கெட்ட வார்த்தையும் சொன்னேன். "போகட்டும்டே, நான் விளையாட்டுக்குச் சொன்னது," என்று அவரும் இறங்கி வந்தார். என் கூட்டுக்காரன் கேட்கவில்லை. "கண்ணால பாத்தாத்தான் கணக்குன்னு சொன்னோம்லா," என்றான். மறுநாள் காலையில் மீசை போய்விட்டது. அவன் அப்பா அவனோடு பேச்சை நிறுத்திவிட்டார்.

கல்யாணத்தன்று பெண்வீட்டு வாசலில் மாப்பிள்ளை இறங்கியதும் கொட்டுமேளம்கூடத் தடுமாறிய மாதிரி இருந்தது. பெண்ணின் தாய்மாமன் பதறிக்கொண்டு வந்து, "சம்பந்திக்கு என்ன ஆச்சு?" என்றார். "எனக்கு ஒண்ணும் ஆகல்ல. இந்தா, உசிரோடதான் நிக்கேன்," என்று பின்னாலிருந்து மாப்பிள்ளையின் அப்பா சீறினார். நான் முன்னால் போய் பந்தயம், மலை, தண்ணீர், மேகம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். யாரும் சிரிக்கவில்லை. "நல்ல காரியத்துக்கு இது லட்சணமில்ல," என்று தாய்மாமன் முனகினார். நாலைந்து தலைகள் ஆடின.

அப்போது சாத்தியிருந்த அறைக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. கல்யாணப்பெண் பந்தலுக்குக் கேட்கும்படி பேசி அந்த ஊர் கண்டதில்லை.

"மாமா, அஞ்சாவது புகைய நான் பாத்தேன். மாடி மட்டுப்பாவுல வத்தல் காயப்போட்டுட்டு நிக்கும்போது காலையிலயே ஒண்ணு கண்டேன். பொறவு தள்ளி ஒண்ணு. மலமேல எவனோ கிறுக்கன் நடந்து போறான்னு எல்லாரும் சிரிச்சோம். மூணாவதுக்குப் பொறவு ரொம்ப நேரமாக் காணல்ல. அந்தக் கிறுக்கனுக்கு ஒண்ணும் ஆகிரப்பிடாதுன்னு வேண்டிக்கிட்டு அங்கயே நின்னேன். அஞ்சாவது வந்த பொறவுதான் கீழ இறங்குனேன்."

பந்தலே வெடித்துச் சிரித்தது. தாய்மாமன் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். அத்தானின் கை தானாக மீசைக்குப் போனது. "எங்கடே நாவிதர்?" என்று யாரோ கத்தினார்கள். நான் ஒரு பெஞ்சின் மேல் ஏறிக் குதித்தேன். என் கூட்டுக்காரன் அத்தானைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வெறும் மேலுதட்டைத் தடவிக்கொண்டு, சாத்தியிருந்த அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றான்.