மாஸ்டரின் இரண்டாவது பிரேக்

டிரைவிங் ஸ்கூல் காரில் பிரேக் இரண்டு உண்டு. ஒன்று கற்றுக்கொள்கிறவர் காலடியில், இன்னொன்று பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மாஸ்டர் காலடியில். நம் மாஸ்டர் பத்தொன்பது வருடங்களாக அந்த இரண்டாவது பிரேக்கை மிதித்தே ஊரில் பாதிப் பேரை உயிரோடு வைத்திருக்கிறார். மீதிப் பேர் பஸ்ஸில் போகிறவர்கள்.

தொழில் காலோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. மனைவி காபியில் இரண்டாவது கரண்டி சர்க்கரை போடும்போது மேஜைக்கடியில் மாஸ்டரின் வலது கால் தரையை அழுத்தும். மைத்துனர் வாயைத் திறந்தாலே அழுத்தும். அவர் நாற்காலிக்குக் கீழே கிடக்கும் மிதியடியில் வலது பக்கம் மட்டும்தான் ஓட்டை. இடது பக்கம் புத்தம் புதுசாகவே குப்பைக்குப் போகும்.

மனைவிக்கு நூலகத்தில் வேலை. பதினோரு வருடமாக அலமாரிகளுக்கு நடுவே புத்தகம் அடுக்கி அடுக்கிச் சலித்துப் போனவர். தெருத்தெருவாகப் போகும் நூலக வேனின் டிரைவர் ஓய்வு பெறப்போகிறார் என்று தெரிந்ததும் அந்த சீட்டுக்கு முதல் ஆளாகக் கையைத் தூக்கினார். "மாசக் கடைசிக்குள்ள லைசென்ஸ் காட்டுங்க, வேன் உங்களுது" என்றார் மேலதிகாரி. மனைவி அதற்குள் இரண்டு முறை டெஸ்டுக்குப் போய் இரண்டிலும் ஃபெயில். சொல்லிக்கொடுத்தது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. தெருவே சொல்லிக்கொண்டிருந்தது.

"ஏன், டாக்டர் பொண்டாட்டிக்கு ஜுரம் வரக்கூடாதா?" என்று மாஸ்டர் கேட்டுப் பார்த்தார்.

"வரலாங்க. டாக்டரே கொண்டுவந்து குடுக்கக்கூடாது."

சண்டை மூன்றாம் நாளைத் தொட்டபோது மனைவி ஒரு தடித்த தத்துவப் புத்தகத்தைக் கொண்டுவந்து அவர் மடியில் போட்டார். "ஒன்பது வருஷமா யாரும் எடுக்கல. அலமாரி ஆடாம இருக்கக் கீழ முட்டுக் குடுத்து வெச்சிருந்தோம். படிங்க. கொஞ்ச நேரம் வீடு அமைதியா இருக்கும்."

நாற்பத்தொன்றாம் பக்கத்தில் மாஸ்டர் மாட்டிக்கொண்டார். உலகத்தில் இருப்பது இரண்டே வகைதான்: உன் கையில் இருப்பது, உன் கையில் இல்லாதது. முதலாவதை ஒழுங்காகச் செய், இரண்டாவதை விட்டுத்தள்ளு என்றது புத்தகம். அன்றைக்கே ஒரு தாளை நடுவில் கோடு போட்டுப் பிரித்து ஃப்ரிட்ஜில் ஒட்டினார். கையில் இருப்பது: என் கால். கையில் இல்லாதது: மழை, சிக்னல், எதிர்வீட்டு நாய், மைத்துனர். கடைசியாகக் கொஞ்சம் யோசித்து, பென்சிலால்: மனைவி.

"எனக்கு மட்டும் என்ன பென்சிலு?"

"தேவைப்பட்டா அழிச்சுக்கலாம்ல."

ஞானம் வந்தவர் வீட்டோடு நிறுத்திக்கொள்வதில்லை. மறுநாள் பாடத்துக்கு வந்த பல் டாக்டரிடம், "நீங்க எங்க போகணும்னு வண்டி ஓட்டக் கத்துக்கறீங்க?" என்றார்.

"லெஃப்ட்டா ரைட்டா, நீங்கதான சொல்லணும் மாஸ்டர்?"

"வழியக் கேக்கல. நோக்கத்தக் கேக்கறேன்."

பல் டாக்டர் சிக்னல் வரைக்கும் யோசித்தார். "பஸ்ல ஏறினா எல்லாரும் வாயத் தொறந்து காட்டறாங்க மாஸ்டர். அதான்."

இவ்வளவு தெளிவான நோக்கத்தை மாஸ்டர் அதுவரை கேட்டதில்லை. தனக்கு அப்படி ஒன்று இருக்கிறதா என்று தேடிப் பார்த்தார். கிடைக்கவில்லை.

சனிக்கிழமை காலை மனைவியின் பாடம். மனைவி இரண்டாவது பட்டியலில் இருப்பதால், அவர் போட வேண்டிய பிரேக்கும் இரண்டாவது பட்டியல்தானே? மாஸ்டர் யாரிடமும் சொல்லாமல் இரண்டு கால்களையும் சீட்டுக்கடியில் இழுத்துக்கொண்டார். தெரு முடிகிற இடத்தில் குறுக்கே வெள்ளைக் கோடு. அதற்கு எதிரே மெத்தைக் கடை.

"கோடு வருது."

"பாத்துட்டுத்தான் இருக்கேன்."

கோடு வந்தது, போயும் விட்டது. கார் அவசரமே இல்லாமல் சாலையைக் கடந்து, கடை வாசலில் சாய்த்து வைத்திருந்த மெத்தைகளுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு நின்றது.

"ஏன் பிரேக் போடல?"

இதை இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கேட்டார்கள்.

"நான் எதுக்குங்க போடணும்? கோடு வந்தா தானா நிக்கிற வண்டிதான இது?"

"தானாவா?"

"எட்டு மாசமா நின்னுச்சே! நான் காலத் தூக்கறதுக்குள்ள நின்னுடும். நல்லாப் பழக்கின வண்டின்னு நெனச்சேன். டெஸ்ட் அன்னிக்கு மட்டும்தான் ரெண்டு தடவையும் நிக்கல. ஆபீசரப் பாத்துப் பயந்துடுச்சோன்னு..."

மாஸ்டர் சீட்டுக்கடியில் இருந்த தன் வலது காலைப் பார்த்தார். தன்னிடம் கற்று ஃபெயிலான முகங்கள் ஒவ்வொன்றாக வரிசையில் வந்து நின்றன. அதற்குள் கடைக்காரர் ஓடிவந்து, "டபுளா, சிங்கிளா?" என்றார்.

வீட்டுக்குப் போனதும் மனைவி முதல் வேலையாக ஃப்ரிட்ஜில் இருந்த பென்சில் எழுத்தின் மேல் பேனாவால் அழுத்தி எழுதினார்.

டெஸ்டுக்கு ஆறு நாள். இனிமேல் காலை வைப்பதில்லை என்று மாஸ்டர் முடிவெடுத்துவிட்டார். ஆனால் புத்தகத்தைப் படித்தது தலைதான், கால் படிக்கவில்லை. கோடு தூரத்தில் தெரிந்தாலே அது முன்னால் நழுவிப் போனது. வேறு வழியில்லாமல் சீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்து அதை இன்னொரு காலுக்கடியில் சிறை வைத்தார்.

எதிரே வந்த பல் டாக்டர் ஜன்னலில் எட்டிப் பார்த்தார். "மாஸ்டர் சாமியாரா ஆயிட்டாரா?"

"பாதிதான் ஆயிருக்கார். கீழ்ப்பாதி" என்றார் மனைவி.

முதல் நாள் வண்டி கோட்டுக்கு இருபதடி முன்னாலேயே நின்றது. இரண்டாம் நாள் நின்ற வேகத்தில் மாஸ்டரின் கண்ணாடி டாஷ்போர்டுக்குப் போனது. அதை எடுத்து மாட்டிக்கொண்டாரே தவிர சம்மணத்தைக் கலைக்கவில்லை. ஐந்தாம் நாள் கண்ணாடி மூக்கிலேயே இருந்தது.

டெஸ்ட் அன்று ஆபீசர் காரில் ஏறிக்கொள்ள, மாஸ்டர் மைதானத்து ஓரம் பெஞ்சில் உட்கார்ந்தார். முதல் வளைவிலேயே கால் மண்ணைத் தோண்ட ஆரம்பித்தது. பெஞ்சில் சம்மணம் போட்டார்.

"செருப்புக் காலோட பெஞ்சுல ஏறாதீங்க சார்" என்றார் காவலாளி. செருப்பைக் கழற்றிவிட்டுப் போட்டார்.

கார் கோட்டை நோக்கி வந்தது. மாதக் கடைசிக்கு இன்னும் இரண்டே நாள், இதை விட்டால் வேன் வேறு ஒருவருக்கு. மாஸ்டர் கண்களை இறுக மூடிக்கொண்டார். திறந்தபோது கார் கோட்டுக்கு ஒரு சாண் முன்னால் நின்றிருந்தது. உள்ளே ஆபீசர் எதையோ எழுதிக்கொண்டிருக்க, அவர் தலைக்கு மேலாக மனைவி பெஞ்சைப் பார்த்துப் பல் முழுக்கத் தெரியச் சிரித்தார்.

திரும்பும்போதும் மனைவிதான் ஓட்டினார். வண்டி வீட்டுப் பக்கம் திரும்பவில்லை.

"எங்க போறோம்?"

"வேனப் பாக்க."

பாதி வழியில் மாஸ்டர் திடுக்கிட்டார். "ஐயோ, செருப்பு! பெஞ்சுக்கடியிலயே விட்டுட்டேன். வண்டியத் திருப்பு!"

"அது இப்ப உங்க கையில இல்லீங்க" என்றார் மனைவி.

முன்னால் சிக்னல் சிவப்பானது. வண்டி நின்றது. மாஸ்டர் மெல்லக் குனிந்து பார்த்தார். அவருடைய வெறுங்கால்கள் இரண்டும் சீட்டின் மேல் மடித்தபடியே இருந்தன.