தனம் பெரியம்மா கொண்டுவந்த சேதி

செவ்வாய்க்கிழமை காலை, ஆர்.கே.புரத்தில் வேலை செய்யும் வீட்டில் அம்மாவும் நானும் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. தனம் பெரியம்மா ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டார். அம்மா குழாயை மூடிவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார். சொந்தமில்லை, இருவரும் சிறையில் ஒரே கொட்டடியில் இருந்தவர்கள். இதைச் சிறையில் படிக்கும் உங்களில் பலருக்கும் அவரை அங்கேதான் தெரியும். வெளியே நான் பார்த்ததை எழுதுகிறேன்.

வேலை செய்த வீட்டில் வளையல் காணவில்லை என்று அம்மாவைப் பிடித்துப்போனார்கள். நான் எட்டாம் வகுப்போடு நின்றேன். எங்கள் குடிசையையும் இடித்துவிட்டதால் மாமா வீட்டுக்குப் போனேன். அம்மாவுக்குத் தெரிந்த போன் நம்பரும் இல்லாமல் போனது. மாமா பயந்தவர், சிறைப் பக்கமே போகவில்லை.

விடுதலையாகிறவரிடம் மற்றவர்கள் வீட்டுக்குச் சேதி சொல்லி அனுப்புவது உங்களுக்குத் தெரிந்த வழக்கம்தான். வெளியே வந்ததும் பலருக்கு மறந்துவிடும், அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. அம்மாவின் சேதியோடு விடுதலையான பெரியம்மா ஒருநாள் மட்டும் தன் வீட்டில் இருந்துவிட்டு எங்களைத் தேடப் புறப்பட்டார். மலை மந்திர் கோயில் வாசலில், வேலைக்குப் போகும் தமிழ்ப் பெண்களிடம் நான்கு நாள் விசாரித்திருக்கிறார்.

மாமா வீட்டுக்கு வந்தவர் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. "உங்கம்மாவுக்கு பெயில் குடுத்து ரெண்டு மாசம் ஆச்சு பாப்பா. ஜாமீனுக்கு ஆளில்லாம உள்ளயே கெடக்குறா."

மாமா தலையைக் குனிந்துகொண்டார். பெரியம்மா அவரைத் திட்டவில்லை.

"கோர்ட்டுன்னா எனக்கும் பயந்தான் தம்பி. வா, ரெண்டு பேரும் சேந்தே பயப்படலாம்."

மாமாவிடம் ஜாமீனுக்குக் காட்டக் காகிதம் எதுவும் இல்லை. இலவச சட்ட உதவி வக்கீல், ஜாமீன் ஆள் இல்லாமல் அம்மாவை அவர் சொந்தப் பிணையிலேயே விடும்படி கேட்டார். வெளியே வந்தால் எங்கே தங்குவார் என்று நீதிபதி கேட்டார். மாமா என்னை முன்னால் நிறுத்தினார். நீதிபதி என்னைப் பார்த்தார். எனக்கு அழுகைதான் வந்தது.

பின்னாலிருந்து பெரியம்மா மெதுவாகச் சொன்னார். "அழுதா எழுதிக்க மாட்டாங்க கண்ணு. அட்ரஸச் சொல்லு."

மாமா வீட்டு அட்ரஸை இந்தியில் சொன்னேன். எழுதிக்கொண்டார்கள். மூன்றாம் நாள் அம்மா வெளியே வந்தார். வழக்கு இன்னும் நடக்கிறது. ஒவ்வொரு தேதிக்கும் மாமாவே முன்னால் கிளம்பி நிற்கிறார்.

போன மாதம் ஆஸ்பத்திரியில் பார்த்தபோது, சேர்க்காத சேதி ஒன்று மிச்சம் இருக்கிறது என்று பெரியம்மா வருத்தப்பட்டார். சிறையில் முன்னி என்ற பெண் தன் தம்பிக்குச் சொல்லியனுப்பியது: கோபம் போதும், ஒருதடவை வந்து பார், என் பையன் உள்ளேயே நடக்கப் பழகிவிட்டான். தம்பி லக்ஷ்மிபாய் நகர்ப் பக்கம் இஸ்திரி போடுகிறான் என்பதற்கு மேல் விவரம் இல்லை. நான் சொல்லிவிடுகிறேன் என்று வாங்கிக்கொண்டேன்.

பெரியம்மாவிடமிருந்து என்னிடம் இருப்பது அந்தச் சேதிதான். மூன்று இஸ்திரிக்காரர்களிடம் கேட்டுவிட்டேன். தெரியாதவர்களிடம் பேச இன்னும் பயம்தான். ஆனால் கேட்டு முடித்த பிறகுதான் பயப்படுகிறேன். ஞாயிற்றுக்கிழமை நான்காவது ஆளிடம் போகிறேன்.