ராஜப்பன் மாஸ்டருக்காக ஏரிக்கரையில் வாசித்த மாலை

பிரபாகர் ஒருவர் மட்டும் சொல்லியிருந்தால் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். ஆனால் அன்றைக்கு ஏரிக்கரையில் பதினேழு பேர் வாசித்தார்கள். தனித்தனியாகக் கேட்டாலும் அத்தனை பேரும் ஒன்றைத்தான் சொல்கிறார்கள்: சாக்ஸபோன் தங்கள் காதருகேதான் கேட்டது என்று.

பாப்பாரப்பட்டிப் பக்கம் ராஜப்பன் மாஸ்டரைத் தெரியாத பேண்டுக்காரர் கிடையாது. பெங்களூரு ஓட்டல்களில் முப்பது வருஷம் சாக்ஸபோனில் ஜாஸ் வாசித்தவர். பாட்டின் நடுவே மற்றவர்கள் நிறுத்திக்கொள்ள, அந்த நேரத்தில் மனதில் தோன்றுவதைத் தனியாக வாசிப்பார். அதற்காகவே கூட்டம் காத்திருக்கும். வயதான பிறகு ஊர் திரும்பி, தருமபுரியில் வீரமணி நடத்தும் பேண்டில் சேர்ந்தார்.

போன ஆவணியில் ஒரு கல்யாணத்தில் அவர் விரல் தடுமாறியது. பக்கத்தில் நின்று சாக்ஸபோன் வாசித்த பிரபாகர் எல்லார் காதிலும் விழும்படி சொன்னார்: "முடியலீன்னா எறங்கிடுங்க மாஸ்டர். எங்க மானம் போவுது."

மாஸ்டர் இறங்கிப் போனார். பிறகு வரவே இல்லை. தை மாதம் இறந்துபோனார்.

மேடை, மாலை, பேச்சு என்று அஞ்சலி நடத்த வீரமணிக்கு மனமில்லை. மாஸ்டர் தினமும் வாசித்துப் பழகிய ஏரி வற்றிக் கிடந்தது. சனங்கள் நடு ஏரியில் உட்காரட்டும்; வாசிப்பவர்கள் கரையைச் சுற்றி நூறு அடிக்கு ஒருவராக நிற்கட்டும் என்றார். ஒலிப்பதிவுக்கு வந்த எழிலரசி, ஒவ்வொருவர் சட்டையிலும் தானே பதிவு செய்துகொள்ளும் குட்டி மைக் ஒன்றை மாட்டினாள்.

"மாஸ்டர் தனியா வாசிக்கற எடத்த நீ வாசிடா," என்றார் வீரமணி, பிரபாகரிடம்.

"வேற யாராச்சும்..."

"சாக்ஸ் வேற யாருகிட்ட இருக்குது?"

பங்குனி ஞாயிறு. மாலை 5:30க்கு ஆரம்பித்தார்கள். வெயில் இன்னும் சுட்டது.

5:36. பிரபாகரின் இடது பக்கம் மட்டும் வெயில் படவில்லை. நிழலில் நிற்பதுபோலக் குளிர்ந்தது. திரும்பிப் பார்த்தார். மரம் எதுவும் இல்லை.

5:41. எல்லாரும் நிறுத்தினார்கள். அவர் முறை.

ஊதினார். முதல் சுரம் வந்தது. அடுத்தது வரவில்லை. அந்தக் கல்யாண வீடு கண்முன் வந்து நின்றது. சாக்ஸபோனிலிருந்து வாயை எடுத்துவிட்டார்.

பாட்டு நிற்கவில்லை...

குழைந்து, ஏறி, இறங்கிப் போய்க்கொண்டே இருந்தது. அவர் விரல்கள் அசையவில்லை.

டக்... டக்... டக்...

சாக்ஸபோன் கட்டைகள் அழுந்தும் சத்தம். இடது பக்கம். ஒரு முழத் தூரத்தில்.

அவர் திரும்பவில்லை.

5:44. முடிந்தது.

கைதட்டல் அடங்குமுன் வீரமணி ஓடிவந்து கட்டிக்கொண்டார். "மாஸ்டரே வந்து வாசிச்சாப்ல இருந்துச்சுடா!"

"நான் வாசிக்கலீங்க."

வீரமணி சிரித்தார். பிரபாகர் யாரிடமும் சொல்லாமல் பைக்கை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். சட்டையில் மைக் இருந்ததைக் காலையில்தான் கவனித்தார். எட்டு மணிக்கு வீரமணியிடம் கொடுத்தனுப்பினார்.

10:20க்கு எழிலரசி போன் செய்தாள்.

"அண்ணா... மத்த பதினாறு மைக்லயும் சாக்ஸ் சத்தம் ஒரே அளவா இருக்குதுங்க. தூரத்துல நின்னவங்களோடதுலயும். காதுகிட்ட நின்னு வாசிச்ச மாதிரி."

"என்னோடதுல?"

"மொத சுரம் மட்டுந்தாங்க இருக்குது. அப்புறம் சாக்ஸே இல்ல. மூச்சு சத்தந்தான்."

பிரபாகருக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. "பயத்துல எனக்குத்தான் மூச்சு வாங்குச்சு."

"ரெண்டு மூச்சுங்க."

பிரபாகர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"மைக்கை நீங்க அணைக்கலீங்க. 6:12க்கு கதவு தெறக்கற சத்தம். அப்புறம் தாழ்ப்பாள் போடற சத்தம். அப்பவும் ரெண்டு மூச்சு கேக்குது... வூட்டுல உங்க கூட யாருங்க இருக்காங்க?"

பிரபாகர் தனியாகத்தான் இருக்கிறார்.