மைலேஜ் ஏன் குறையவில்லை?

கார் ரிப்பேர் தொழிலில் ஒரு விசித்திரம் உண்டு: பிரேக் பிடிக்கவில்லை என்று வருகிறவர் நிதானமாகப் பேசுவார், மைலேஜ் குறைகிறது என்று வருகிறவர்தான் சொத்து பறிபோனவர் போல வருவார்.

மேற்குத் தாம்பரத்தில், முடிச்சூர் ரோட்டில், எல்லா கம்பெனி வண்டிகளையும் பார்க்கிற ஒரு ஒர்க்‌ஷாப்பில் நான் சூப்பர்வைசர். டீசல் கார் மைலேஜ் புகார் எல்லாம் என் தலையில்தான் விடியும். விளம்பரத்தில் லிட்டருக்கு இருபத்தைந்து கிலோமீட்டர் என்று போட்டிருப்பார்கள். குரோம்பேட்டை நெரிசலையும் கேம்ப் ரோடு சிக்னலையும் தாண்டுவதற்குள் அது பதினான்காக இளைத்துவிடும். டீசல் கார் வாங்கிய சக பாவிகளே, இந்த வலியை உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

எங்களிடம் இருக்கும் மருந்து ஒன்றுதான். டேங்கை வாய் வரை நிரப்ப வேண்டும், வண்டிக்காரரோடு வண்டலூர் தாண்டிப் போய்த் திரும்ப வேண்டும், அதே பங்க்கில் மறுபடியும் வாய் வரை நிரப்பிக் கணக்குப் பார்க்க வேண்டும். டீசல் எங்கே போகிறது என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். தெரிந்த பிறகு ராத்திரி தூக்கம் வராமல் போன சமயங்களும் உண்டு.

கிளட்ச்சில் யார் கால்?

பம்மலிலிருந்து ஒரு ரிட்டயர்டு அதிகாரி வந்தார். நான் ஓட்டினால் அவர் கார் பத்தொன்பது கொடுத்தது, அவர் ஓட்டினால் பன்னிரண்டு. "இந்த வண்டிக்கு என்னைக் கண்டா ஆகல சார்" என்று உண்மையாகவே மனம் நொந்து சொன்னார். சரி, நீங்களே ஓட்டுங்கள் என்று பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் மனைவி பின்சீட்டில். பல்லாவரம் போய்ச் சேர்வதற்குள் விஷயம் விளங்கிவிட்டது. அவருடைய இடது கால் கிளட்ச்சை விட்டு இறங்கவே இல்லை. பாதி அமுங்கிய கிளட்ச்சோடு வண்டி முக்கி முனகிக்கொண்டு போனது.

"சார், கிளட்ச்லேர்ந்து காலை எடுங்க" என்றேன். "கால் கீழதான சார் இருக்கு" என்றார். குனிந்து பார்த்தேன். கால் கிளட்ச் மேல்தான் இருந்தது. மனிதர் பொய் சொல்லவில்லை, முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அந்தக் கால் அவரைக் கேட்காமலே அங்கே போய் உட்கார்ந்திருந்தது. வண்டியை ஓரம் கட்டச் சொல்லி முழங்காலைத் தட்டிக் காட்டியதும், யாருடைய காலையோ பார்ப்பது போலப் பார்த்தார். எனக்கு முதுகு லேசாகச் சில்லிட்டது. பின்சீட்டு அம்மாவுக்கு மட்டும் ஒரு ஆச்சரியமும் இல்லை.

"முப்பது வருஷமா தூக்கத்துல என்னை உதைக்கிறதும் இதே கால்தான் சார். காலையில கேட்டா, 'நானா?'ம்பார்."

பூட்டிய காரில் ஒரு தலை

பொழிச்சலூர்ப் பையன் ஒருவன், ஐ.டி. வேலை. வாரம் முழுக்க ஆபீஸ் கேப்பில் போகிறான், கார் வீட்டு வாசலில் சும்மா நிற்கிறது. ஆனால் டீசல் குறைகிறது. ஒழுகல் இல்லை, டேங்க் மூடி பூட்டியபடி இருக்கிறது, மீட்டரில் கிலோமீட்டர் கூடவில்லை. அவன் மனைவி எலுமிச்சம்பழம் கட்டிப் பார்த்தாள், பூசணிக்காய் சுற்றி உடைத்துப் பார்த்தாள். டீசல் அதற்கெல்லாம் அசையவில்லை.

அவன் லீவு போட்டிருந்த ஒரு மத்தியானம் அந்தப் பக்கம் போனேன். இருவரும் தெரு முனையிலிருந்து நடந்து வந்தோம். தெருவில் ஈ காக்கை இல்லை. வாசலில் கார் தன்னந்தனியாக உறுமிக்கொண்டிருந்தது. சாவி அவன் சட்டைப் பையில். கண்ணாடி முழுக்கப் பனி பூத்திருந்தது. கையால் துடைத்துப் பார்த்தால், உள்ளே சாய்ந்த சீட்டில் ஒரு தலை, வாயைப் பிளந்தபடி அசையாமல் கிடந்தது. பையன் போட்ட அலறலில் எதிர்வீட்டு நாய் திண்ணைக் கட்டிலுக்கு அடியில் ஓடியது. தலை மெல்ல எழுந்து கண்ணாடியை இறக்கியது. அவனுடைய அப்பா! மாற்றுச் சாவியை வைத்துக்கொண்டு, தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு காரில் ஏசி போட்டுத் தூங்கியிருக்கிறார். திருடனைப் பிடித்த மாதிரி மகன் கத்த, அவர் கொட்டாவி விட்டபடியே பதில் சொன்னார்.

"வூட்ல ஏசி போட்டா கரண்ட் பில்லை உன் பொண்டாட்டி பாக்கறா. வண்டில போட்டா யாருடா பாக்கறா?"

இறக்கத்தில் பேசக்கூடாது

இந்த இரண்டையும் சொல்லிச் சிரிக்கிறேன். அடுத்ததைச் சொல்லும்போது எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

சாமுவேல் சார், சேலையூர்க்காரர். ஒரு காலேஜ் ஆபீசில் வேலை. எங்களிடம் புகார் சொல்ல வராத ஒரே டீசல் கஸ்டமர் அவர்தான், பெருமை சொல்லத்தான் வருவார். "இருபத்திமூணு கொடுக்குது சார், சிட்டிக்குள்ள." நான் நம்பவில்லை. அப்படியானால் நீங்களே வந்து உட்காருங்கள் என்று ஒரு சனிக்கிழமை கூட்டிக்கொண்டு போனார். பின்சீட்டில் அவர் மனைவி பியூலா டீச்சரும் ஸ்கூலுக்குப் போகிற மகள் ஷெரினும். ஏசி கிடையாது, கண்ணாடி எல்லாம் இறக்கிவிட்டிருந்தது. கிழக்குத் தாம்பரத்திலிருந்து ரயில்வே பாலம் ஏறினோம். உச்சிக்கு வந்ததும் ஒரு விரலைத் தூக்கினார். பின்னால் பேசிக்கொண்டிருந்த இரண்டு பேரும் பாதி வார்த்தையில் வாயை மூடிக்கொண்டார்கள். அவருடைய வலது கை சாவிக்குப் போனது. ஆஃப், உடனே ஆன். ஒரு நொடி வேலைதான், எஞ்சின் செத்துவிட்டது. ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளாமல் இருக்கத்தான் அந்த ஆன். டாஷ்போர்டில் சிவப்பு விளக்குகள் மட்டும் எரிந்தன. கீழே மின்சார ரயில் போகும் சத்தம் காலடியில் கேட்டது. நாலு பேரைச் சுமந்துகொண்டு வண்டி மூச்சில்லாமல் இறங்கியது. இறக்கம் முடிகிற இடத்தில் செகண்ட் கியர் போட்டுக் கிளட்ச்சை விட்டார். ஒரு உலுக்கலில் எஞ்சினுக்கு உயிர் வந்தது. பின்சீட்டில் இருவரும் அப்போதுதான் மூச்சு விட்டார்கள்.

எல்லா இறக்கத்திலும், எல்லா சிக்னலிலும் இதே வேலையாம். இறக்கத்தில் யாரும் பேசக்கூடாது என்பது அந்தக் குடும்பத்துச் சட்டம். பேசினால் அவருக்குக் கவனம் சிதறுமாம். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "எஞ்சின் அணைஞ்சா ரெண்டு தடவை மிதிக்கிறதுக்குள்ள பிரேக் கல்லாயிடும் சார், கீழ பஸ் நிக்குது, குழந்தை இருக்கு" என்று கத்தியே விட்டேன். மனிதர் என் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டுச் சிரித்தார்.

"என் கை சாவியில இருக்கிற வரைக்கும் இந்த வண்டிக்கு ஒண்ணும் ஆகாது சார்."

அழுதுகொண்டு வந்த இருபத்திமூன்று

அவருக்குத்தான் ஆயிற்று. ஒரு காய்ச்சல், ஆஸ்பத்திரி, அவ்வளவுதான். கேள்விப்பட்டு நான் துக்கம் விசாரிக்க அவர் வீட்டுக்குப் போய்விட்டு வந்தேன். சில மாதம் கழித்து பியூலா டீச்சர் அந்தக் காரைத் தானே ஓட்டிக்கொண்டு ஒர்க்‌ஷாப்புக்கு வந்தார். சாமுவேல் சார் உயிரோடு இருக்கும்போதே, அதே காரில், பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொடுத்திருக்கிறார். இப்போது டீச்சர் ஷெரினைத் தினமும் பாலத்துக்கு இந்தப் பக்கம் இருக்கிற ஸ்கூலில் கொண்டுவந்து விடுகிறார்.

"வண்டி தானா ஆஃப் ஆகுது சார். சிக்னல்ல ஆகுது. அது என் கிளட்ச் தப்பா இருக்கும்னு விட்டேன். ஆனா பாலத்து உச்சியில, இறங்கற இடத்துல, தினம் ஆகுது. அவர் செஞ்ச அந்தச் சாவி வேலையை நான் செய்யறதே இல்ல. குழந்தை மேல சத்தியமா செய்யறதில்ல." பிறகுதான் அடுத்ததைச் சொன்னார். தட்டுத்தடுமாறி ஓட்டுகிற தன் கையிலும் கார், அவர் ஓட்டியபோது கொடுத்த அதே இருபத்திமூன்றைக் கொடுக்கிறதாம். சாமுவேல் சாருடைய தம்பி, "அண்ணன் இன்னும் வண்டியிலதான் இருக்கார், வித்துத் தொலைங்க அண்ணி" என்கிறாராம். விற்க டீச்சருக்கு மனசில்லை. அவர் உட்கார்ந்த இடம் என்று மிச்சம் இருப்பது அதுதான். ஆனால் மகளை வைத்துக்கொண்டு அந்த இறக்கத்தில் இறங்கவும் தைரியம் இல்லை. ஒன்று கோளாறு தெரிய வேண்டும், இல்லாவிட்டால் அந்த வாரமே வண்டி கைமாறிவிடும்.

"மைலேஜ் குறையலைன்னு யாராவது அழுதுக்கிட்டு வருவாங்களா சார்? நான் வந்திருக்கேன்."

சேகர் போக மாட்டேன் என்ற பாலம்

எங்கள் தலைமை மெக்கானிக் சேகர் எஞ்சினுக்குள் தலையை விட்டால் காரணத்தோடுதான் வெளியே வருவான். டீசல் ஃபில்டரை மாற்றினான், குழாயில் காற்று ஏறுகிறதா என்று பார்த்தான், ஒயர் ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்தான், கம்ப்யூட்டரை மாட்டிப் படித்தான். ஒன்றும் இல்லை. நான் எடுத்துக்கொண்டு போய் அந்தப் பாலத்தில் ஏறி இறங்கினேன், திரும்பவும் ஏறி இறங்கினேன். வண்டி பசு மாதிரி வந்தது. திரும்பி வந்து சாவியைச் சேகரிடம் நீட்டினேன், நீயும் ஒரு தடவை பார்த்துவிடு என்று. அவன் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டான்.

"வண்டில ஒண்ணியும் கெடயாதுண்ணா, சுத்தமா கீது. அதான் பேஜாரே. நான் இத்த அந்தப் பாலத்துக்கு எட்த்துகினு போ மாட்டேன்."

வலது கை

மறுநாள் சனிக்கிழமை காலை. டீச்சர் ஓட்டினார், நான் பக்கத்தில், ஷெரின் பின்னால். ஸ்கூலில் யாரோ யாருடைய டிபனையோ எடுத்துத் தின்ற கதையை ஷெரின் நிறுத்தாமல் சொல்லிக்கொண்டு வந்தாள். பாலம் ஏறி உச்சி நெருங்கியதும் பேச்சு பாதி வார்த்தையில் நின்றது. யாரும் விரலைத் தூக்கவில்லை. நான் டாஷ்போர்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். எஞ்சின் அணைந்தது. சிவப்பு விளக்குகள் எரிந்தன. கீழே ரயில் போனது. அன்றைக்கு சாமுவேல் சாரோடு போனபோது இருந்த அதே அமைதி, அதே வேகம், அதே வளைவு. எனக்குக் கை மயிர் எழுந்து நின்றது. கீழே ஒரு பஸ் குறுக்கே நகர, டீச்சர் பிரேக்கை அழுத்தி, இன்னொரு தரம் அழுத்தி, செகண்ட் போட்டுக் கிளட்ச்சை விட்டு எப்படியோ உயிர் கொடுத்தார்.

பயந்ததை வெளியே காட்டிக்கொள்ளாமல், "இன்னொரு தடவை போவோம் டீச்சர்" என்றேன். ஏனோ அந்தப் பம்மல்காரரின் கால் ஞாபகத்துக்கு வந்தது. இந்தத் தடவை டாஷ்போர்டைப் பார்க்கவில்லை, டீச்சரைப் பார்த்தேன். உச்சி வந்தது. பின்னால் பேச்சு நின்றது. டீச்சரின் கண் ரோட்டில்தான் இருந்தது, உதடு இறுக மூடியிருந்தது. வலது கை மட்டும் ஸ்டீயரிங்கை விட்டு மெதுவாகக் கிளம்பியது. அவசரமே இல்லை. அது அவர் கை போலவே இல்லை, சாமுவேல் சாரின் கைக்கு இருந்த அதே நிதானம். சாவியைத் திருகியது. ஆஃப், உடனே ஆன். எஞ்சினை அணைத்துவிட்டுத் தன் இடத்துக்குத் திரும்பி வந்தது. டீச்சர் கண் கலங்க என் பக்கம் திரும்பினார்.

"பார்த்தீங்களா சார், மறுபடியும் தானா ஆஃப் ஆயிடுச்சு!"

ஷெரினுக்குத் தெரிந்தது

பாலம் இறங்கியதும் ஓரமாக நிறுத்தச் சொன்னேன். சாவியைத் திருகியது அவர் கைதான் என்று உள்ளதை உள்ளபடி சொன்னேன். டீச்சர் முகம் சிவந்துவிட்டது. "என்ன சார் பேசறீங்க? என் பொண்ணை உட்கார வச்சுக்கிட்டு நான் செய்வேனா?" என்று சீறினார். அந்தக் கோபத்தில் நியாயம் இருந்தது. பதில் பின்சீட்டிலிருந்து வந்தது. "ஆமாம்மா. டெய்லி நீதான் ஆஃப் பண்றே. அப்பா மாதிரியே."

டீச்சர் அப்படியே திரும்பி மகளைப் பார்த்தார். இத்தனை நாள் பயந்து, தூக்கம் கெட்டு, வண்டியை விற்கிற வரைக்கும் வந்தாயிற்று. பின்னால் உட்கார்ந்திருந்த குழந்தைக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. "ஏன்டி சொல்லல? ஒரு நாளாவது சொல்லியிருக்கலாம்ல?" என்று கேட்டபோது குரல் உடைந்துவிட்டது. ஷெரின் அம்மாவை விசித்திரமாகப் பார்த்தாள், இதுகூடத் தெரியாதா என்பது போல.

"இறக்கத்துல பேசக்கூடாதுல்ல?"

பேச்சோடு இறங்கிய வண்டி

எனக்குப் பட்டதைச் சொன்னேன். முதலில் பேச்சு நிற்கிறது, பிறகுதான் கை கிளம்புகிறது. பேச்சை நிறுத்தாமல் இறங்கிப் பாருங்கள் என்றேன். மறுபடி பாலம் ஏறினோம். உச்சி நெருங்கியதும் பழக்கப்படி ஷெரின் வாயை மூடிக்கொண்டாள். "பேசு ஷெரின்" என்றார் டீச்சர். அவள் தலையை ஆட்டினாள். "அப்பா திட்டுவார்." டீச்சரின் வலது கை ஸ்டீயரிங்கை விட்டு எழுந்துவிட்டது. இந்த முறை அவர் அதைப் பார்த்தார். தன் கையைத் தானே பயந்து பார்க்கிற முகத்தை அன்றைக்குத்தான் நான் முழுசாகப் பார்த்தேன். "அப்பா இல்லம்மா" என்றார். அந்த வீட்டில் அதுவரை யாரும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை என்று பிறகு தெரிந்தது. "அப்பா இனிமே திட்ட மாட்டார். நீ பேசு." ஷெரின் முதலில் அழுதாள். அப்புறம் அழுதுகொண்டே, திருடுபோன அந்த டிபன் கதையை விட்ட இடத்திலிருந்து சொல்ல ஆரம்பித்தாள். கை அந்தரத்தில் கொஞ்சம் நின்றது, பிறகு ஸ்டீயரிங்குக்கு வந்தது. எஞ்சின் கடகடவென்று ஓடிக்கொண்டே இருந்தது. டீசல் எஞ்சின் சத்தத்தைக் குறை சொல்லாமல் நான் கேட்டது அன்றைக்கு ஒரு நாள்தான்.

வண்டியை விற்கவில்லை. அடுத்த சர்வீசுக்கு வந்தபோது மைலேஜ் என்ன என்று நானாகவே கேட்டேன். சிக்னலிலும் இப்போது அணைவதில்லையாம், பதினேழுதானாம். எல்லாரையும் போலப் பதினேழு. வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது எனக்கு. டீச்சர் சாவியைக் கொடுத்துவிட்டு, கொஞ்சம் தயங்கி, மெதுவாகச் சொன்னார்.

"உச்சிக்கு வந்தா கை இன்னும் எழும்புது சார். ஷெரின் பேசறதைக் கேட்டதும் திரும்பிடுது."

மைலேஜ் ஏன் குறைகிறது என்று கேட்டு வருகிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் நூறு காரணம் தயாராக இருக்கிறது, ஏன் குறையவில்லை என்று யாராவது கேட்டால் மட்டும் இப்போதெல்லாம் நான் பானெட்டைத் திறப்பதற்கு முன்னால் அவர்கள் கையைப் பார்த்துக்கொள்கிறேன்.